வங்கக் கடலின் நடு ஆழத்தில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன்

நேயர்களுக்கு வணக்கம்.

கடல்நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பதை அறிய, ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் வின்க்ளர் 1888ஆம் ஆண்டில் வகுத்த முறையையே ஆய்வுக் கப்பல்களில் இன்றும் கையாளுகிறோம். காற்றுக்குமிழி ஒன்றுகூடச் சிக்கிவிடாதபடி கண்ணாடிக் குப்பியில் நீரைப் பிடித்து, மாங்கனீசு உப்புக் கரைசலையும் அயோடைடு கலந்த காரத்தையும் அதில் செலுத்துவோம். ஆக்சிஜன் மிகுந்த நீராயிருந்தால் குப்பிக்குள் பழுப்பு நிற வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். வங்காள விரிகுடாவில் ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களிலிருந்து எடுத்த குப்பிகளை வரிசையாக வைத்தால், மேல்பரப்பு நீர் கரும்பழுப்பாகவும், 200 மீட்டருக்குக் கீழிருந்து வந்தவை பால்போல வெளிறியும் தெரியும். அந்த வெளிறிய குப்பிகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கடலின் மேல்பரப்பில் வெயிலைக் கொண்டு வளரும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள், நீரில் கரைந்துள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உரமாக எடுத்துக்கொள்கின்றன. இவற்றின் உடலில் ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜன் இருப்பதையும், ஆழ்கடல் நீரிலும் அதே விகிதம் நிலவுவதையும் அமெரிக்கக் கடலியல் அறிஞர் ரெட்ஃபீல்டு எடுத்துக்காட்டினார். அவை மடிந்து கீழே இறங்கும்போது பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து, அந்த உரத்தை நீருக்கே திருப்பித் தருகின்றன. அதற்கு விலையாக ஆக்சிஜன் செலவாகிறது. காற்றின் தொடர்பு அற்றுப்போன நடு ஆழத்தில், செலவான ஆக்சிஜனை ஈடுசெய்ய வழி குறைவு.

ஆக்சிஜன் அறவே தீர்ந்த பின்னும் பாக்டீரியாக்கள் ஓய்வதில்லை. நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து அவை சுவாசிக்கின்றன. நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகி, இடையில் நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் உயிர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாத நைட்ரஜன் வாயுவாகிக் கடலைவிட்டு நீங்குகிறது. உலகக் கடல்களின் நீர்த்திரளில் இந்த இழப்பு பெருமளவில் நடக்கும் பகுதிகள் மூன்றே: மெக்சிகோவை ஒட்டிய பசிபிக், பெரு, சிலி நாடுகளை ஒட்டிய பசிபிக், நம் மேற்கே உள்ள அரபிக் கடல்.

அரபிக் கடலுக்கு இந்த நிலை வந்த காரணம் தெளிவானது. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் ஆழத்து நீரை மேலே இழுத்துவருவதால் உரம் பெருகி, மிதவைத் தாவரங்கள் செழித்து, அவற்றின் எச்சம் மழைபோல் கீழே இறங்குகிறது. வடக்கே நிலத்தால் அடைபட்ட அந்தக் கடலுக்குள் புது நீர் மெதுவாகவே வந்து சேர்கிறது.

வங்காள விரிகுடாவும் வடக்கே அடைபட்டதுதான். அதன் நடு ஆழமும் ஆக்சிஜனின்றி வெளிறியே கிடக்கிறது. ஆனாலும் இங்கே நைட்ரஜன் இழப்பு மிகக் குறைவு என்பது பல ஆண்டுகள் விளங்காத புதிராக இருந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. நானோமோல் அளவையும், அதாவது மோல் என்னும் வேதியியல் அலகில் நூறு கோடியில் ஒரு பங்கையும், உணரும் கருவியை இறக்கிப் பார்த்தபோது, வின்க்ளர் முறைக்கு எட்டாத நுண்ணிய அளவில், லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் வரை, ஆக்சிஜன் அங்கே விடாமல் தங்கியிருப்பது தெரிந்தது. மேல்பரப்பு நீரில் உள்ளதில் இது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நைட்ரஜனை வெளியேற்றும் பாக்டீரியாக்களும் அங்கே குடியிருக்கின்றன. ஆனால் உருவாகும் நைட்ரைட்டை, எஞ்சிய அந்தத் துளி ஆக்சிஜனைக் கொண்டு வேறு பாக்டீரியாக்கள் மறுபடியும் நைட்ரேட்டாக்கிவிடுகின்றன என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலையில் நைட்ரஜனை வெளியேற்றும் பாக்டீரியாக்கள் நிற்கின்றன.

அந்தத் துளி எஞ்சியதில் ஆறுகளுக்குப் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை கொட்டும் நன்னீர், உவர்நீரின்மேல் மூடிபோல் பரவி, ஆழத்து உரம் மேலே வராமல் தடுக்கிறது. அதனால் மிதவைத் தாவரங்களின் விளைச்சல் குறைகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அந்தக் களிமண் துகள்கள் ஒட்டிக்கொள்வதால் எச்சங்கள் கனத்து, நடு ஆழத்தில் மட்கித் தீருமுன் விரைந்து அடித்தளத்தை அடைந்துவிடுகின்றன.

இன்று அதே ஆறுகள் வயல்களில் இட்ட யூரியாவின் மிச்சத்தையும் நகரங்களின் கழிவுநீரையும் சுமந்துவருகின்றன. கடல்நீர் வெப்பமடைய அடைய, அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. எஞ்சிய துளி தீர்ந்துபோனால் வங்கக் கடலும் நான்காவது பெரும் இழப்புக் களமாகக்கூடும். அப்போது நைட்ரஸ் ஆக்சைடும் பெருக வாய்ப்புண்டு. அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. மிகச் சிறிய ஓர் அளவை நம்பி இவ்வளவு பெரிய சுழற்சி நிற்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முதலிய நிறுவனங்கள், 2,000 மீட்டர் ஆழம்வரை தாமே இறங்கி ஏறும் மிதவைக் கருவிகளைக் கடலில் விட்டிருக்கின்றன. அவற்றுள் ஆக்சிஜன் உணரி பொருத்தியவை, வெளிறிய அடுக்கு தடிக்கிறதா, மேலேறுகிறதா என்பதைக் காட்டும். நானோமோல் அளவு அவற்றின் உணரிகளுக்கும் எட்டாது. அதற்கு இன்னும் கப்பலேறிப் போய்த்தான் அளந்தாக வேண்டும்.

வணக்கம்.