பூட்டிய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் போகிறவர்கள் எங்கெங்கே நிறுத்துவார்கள்? புதுக்கோட்டையில் டிபன். திருமயத்தில் கோட்டை பைரவருக்கு ஒரு கும்பிடு. அதைத் தாண்டினால் தேவிபட்டினம்தான். நடுவில், காரைக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், கானாடுகாத்தான் என்று ஒரு பலகை வரும். அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி ஊருக்குள் விடுங்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கட்டட வேலையிலேயே காலம் கழித்தவன் நான். சொந்த வேலையாகப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, வழியில் பழைய கட்டடம் கண்ணில் பட்டால் இறங்கிவிடுவேன். அதிலும் செட்டிநாட்டுக்குள் நுழைந்துவிட்டால் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே கிடையாது.

கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இருக்கிறது, 1912இல் கட்டி முடித்தது. காரைக்குடியில் 1941இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கிறது. பலரும் அவற்றின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவற்றையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் மனசு கிடப்பது பெயரில்லாத வீடுகளில். பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், ராயவரம், கோனாபட்டு என்று எந்த ஊரிலும் பெரிய தெருவை விட்டுப் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினால் போதும். வரிசையாகப் பூட்டிய வீடுகள்.

முதலில் வெளியே நின்று பாருங்கள். முகப்புக்கு மேலே சுதை வேலையில் கஜலட்சுமி இருப்பாள். சில வீடுகளில் அவளுக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் நிற்பார்கள்! அப்புறம் வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டியே நடந்து பாருங்கள். நடப்பீர்கள், நடப்பீர்கள், சுவர் முடியாது. தலைவாசல் ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. வளவின் முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு பையனுக்கும் தனி அறைகள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த சாமான்கள் ஒரு பக்கம். காலடியில் மட்டும் பக்கத்து ஆத்தங்குடிக்காரர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றி வார்த்த கல்.

இவ்வளவு கட்டியவர்கள் ஏன் பூட்டிவிட்டுப் போனார்கள் என்று கேட்பீர்கள். பதில் பர்மாவில் இருக்கிறது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அங்கே நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930இல் உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடகு வைத்த நிலம் கைக்கு வந்தது. பணமாக இருந்த சொத்து அந்நிய மண்ணில் நிலமாக முடங்கிப் போயிற்று. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் பலர் காடுமலை தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார்கள். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்து வங்கி, வியாபாரம் எல்லாம் அரசுடைமை ஆனதும் இருந்த கொஞ்சமும் போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போய்ப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வீடு மட்டும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொதுவாக நின்றுவிட்டது. விற்பதற்கும் இடிப்பதற்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓடு மாற்றுவது யார் செலவு என்று மட்டும் பல வீடுகளில் முடிவாவதே இல்லை.

ஓடு என்றதும் ஒரு ஆச்சி நினைவுக்கு வருகிறார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். புரட்டாசி மாதம். அடுத்தடுத்து இரண்டு வீடுகள், அண்ணன் தம்பி ஒரே காலத்தில் கட்டியவை. அதே தேக்கு, அதே சுண்ணாம்பு. ஒன்றில் வளவின் கூரை பாதி உள்ளே விழுந்து, அரசமரம் ஒன்று சுவரைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மற்றது முழுசாக இருக்கிறது. அதன் திண்ணையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை விட்டு இறங்கியதும், "ஓடு மாத்த வந்தீகளா தம்பி?" என்றார். இல்லை ஆச்சி, வீட்டைப் பார்க்க வந்தேன் என்றேன். "பார்க்கிறதுன்னா உள்ளே வாங்க, வெளிய நின்னு என்ன பார்ப்பீக?" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே எனக்குத் தூணைக் காட்டுவார், கண்ணாடியைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் நேராக முற்றத்துக்குக் கூட்டிப்போய், அண்ணாந்து ஒரு மூலையைக் காட்டினார். இரண்டு கூரைச் சரிவும் வந்து சேருகிற மூலை. "இந்த நாலு மூலைதான் தம்பி வீடு" என்றார்.

நேயர்களே, இத்தனை வருஷத்தில் என் தொழிலில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செட்டிநாட்டு வீட்டில் கூரை முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். பெய்கிற மழை அந்த மூலைகளில் சேர்ந்து குழாய் வழியாக இறங்கும். கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் கிணற்றுக்கும் ஊரணிக்கும் போகும். வறண்ட சீமையில் அப்படி ஒரு ஏற்பாடு. அந்த மூலையில் வேப்பஞ்சருகு அடைத்தால்? தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகும். கைமரம் நனையும், உத்திரம் இற்றுப்போகும். முட்டை வெள்ளை சேர்த்து வழவழவென்று தேய்த்த சுவர் உப்பிக்கொண்டு உதிரும். பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை அந்த ஈரத்தில் முளைக்கும். திரும்பவும் சொல்கிறேன், இந்த வீடுகள் வயதாகி விழவில்லை. மேலே ஏறிச் சருகை அள்ள ஆள் இல்லாமல் விழுகின்றன.

ஆச்சி ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷம் தவறாமல் ஆளை ஏற்றி அந்த நாலு மூலையையும் கூட்டிவிடுவாராம். பக்கத்து வீட்டில் விழுந்த ஓட்டில் உடையாததைப் பொறுக்கி, அந்தப் பங்காளிகளிடம் சொல்லிவிட்டே, தன் கொல்லையில் அடுக்கி வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. பங்காளிகள் எல்லோரும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்களாம். "வர்றப்ப தலைக்கு மேல கூரை இருக்கணும்ல?" என்றார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் செட்டிநாட்டில் பங்கு வீடு உள்ளவர்கள் இருப்பீர்கள். பெரிய ரிப்பேரை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். இந்த ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆளை மேலே ஏற்றுங்கள். செலவு ஒருநாள் கூலிதான்.

சரி, நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டிய வீட்டுச் சாவி பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். காவல் இருப்பவருக்கு ஏதாவது கொடுங்கள். கூரை இறங்கிய வளவுக்குள் கால் வைக்காதீர்கள். உதிர்ந்து கிடக்கிறதே என்று ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் உண்டு. அங்கே தூணும் கதவும் பார்த்தால் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைப் பற்றியும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட செட்டிநாடு விமான ஓடுதளத்தைப் பற்றியும் குறிப்பு எழுதி எடுத்து வந்தேன், இன்று நேரமில்லை. கார்த்திகை மழை விட்டதும் போனால் ஊரணிகளில் தண்ணீர் நிற்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். மதியம் வீட்டுக்காரர்கள் ஓய்வெடுக்கிற நேரம், காலையிலேயே போய்விடுங்கள். வணக்கம்.