மூட்டில் உள்ள அழற்சி மனதைப் பாதிக்குமா?

சரி, அடுத்த கேள்வி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரு தங்கச்சி கேட்கிறார்: "அம்மாவுக்கு முடக்குவாதம். கொழுந்தெடுக்கப் போவதில்லை. சில மாதமாக யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. கிளினிக்கில் சி.ஆர்.பி. கூடியிருக்கிறது என்றார்கள். உடம்பின் அழற்சி மூளைக்கு ஏறிவிட்டதா?"

ஏறியிருக்கவும் கூடும் தங்கச்சி. ஆனால் அதுதான் காரணம் என்று அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம், அவ்வளவுதான்.

காய்ச்சல் வந்தால் சாப்பாடு பிடிக்காது, சுருண்டு படுக்கத் தோன்றும், யாராவது பேசினால் எரிச்சல் வரும். கிருமி மட்டும் செய்கிற வேலை இல்லை அது. நோய் எதிர்ப்பு அணுக்கள் விடுகிற சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்கள்தான் மூளையை அப்படி ஆக்குகின்றன. முடக்குவாதத்தில் அவை மாதக்கணக்கில் ஓய்வதில்லை. முன்பு ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது.

அப்புறம், இரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழையாமல் காக்கிற ஒரு தடுப்பு இருக்கிறது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இறுக்கமாக ஒட்டியிருக்கும். ஒட்டவைக்கிற புரதங்களில் ஒன்று கிளாடின்-5. 2017இல் வந்த ஓர் ஆய்வில், பெரிய எலியிடம் நாள்தோறும் அடிவாங்கி ஒதுங்கிப்போன சுண்டெலிகளுக்கு, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள ஒரு பகுதியில் இந்தப் புரதம் குறைந்திருந்தது. இரத்தத்திலிருந்த சைட்டோகைன் அந்த வழியாக உள்ளே கசிந்தது. மனச்சோர்வோடு இறந்தவர்களின் மூளையிலும் அதே புரதக் குறைவைப் பார்த்தார்கள்.

அதற்காக அம்மாவுக்குத் தடுப்பு உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். லயத்துக் காம்பராவில் நடுச்சுவர் நன்றாகத்தான் நிற்கும், பக்கத்து வீட்டுச் சண்டை மட்டும் அப்படியே கேட்கும் இல்லையா? இதுவும் அப்படித்தான். உடம்பின் உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாகவும் அழற்சியின் செய்தி போகும், குழாய்ச் சுவரின் செல்களே வாங்கி உள்ளே கடத்தவும் செய்யும்.

சி.ஆர்.பி. மனச்சோர்வுக்கான டெஸ்ட் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் அது லீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. 2013இல் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற, அழற்சியைத் தணிக்கிற மருந்தை, வழமையான மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

அதனால் அழற்சியைக் குறைக்கலாம் என்று டவுன் பாமசியில் டைக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரையை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கு இடமுண்டு. அடுத்த கிளினிக்கில் மூட்டு வலியோடு இந்தப் பேசாமல் இருப்பதையும் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை குடிக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் மனநிலையை மாற்றும். ஆனால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். இருந்து என்ன பயன் என்கிற மாதிரி அம்மா பேசினால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.