கோயில் வாசல் வரைக்கும் கணக்குப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் நீளத்துக்கு அதிவேக ரயில் பாதை எழும்பிக்கொண்டிருக்கிறது. 12 நிலையங்கள், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம். இப்படியொரு பாதை காவிரிக் கரைக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். வந்தால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நிலையத்தை எங்கே வைப்பது? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பாதையை வரைந்து முடித்துவிட்டு நிலையத்துக்கு இடம் தேடினால், அது ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில்தான் கிடைக்கும். ஆகவே முதலில் நிலையத்தைத் தீர்மானியுங்கள், பாதை அதைத் தேடி வரட்டும் என்கிறேன்.

ஸ்பெயின் நாட்டின் அனுபவம் நமக்கு மிகவும் பொருந்தும். அங்கே பழைய ரயில் பாதையின் அகலம் 1,668 மில்லிமீட்டர். நம்முடைய அகலப் பாதை 1,676. அதிவேக ரயிலுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது 1,435. மும்பை பாதைக்கு நாம் தேர்ந்தெடுத்ததும் அதுவே. பிரான்சில் பழைய பாதைக்கும் புதிய பாதைக்கும் ஒரே அகலம் என்பதால், அதிவேக ரயில் ஊர் நெருங்கியதும் பழைய தண்டவாளத்தில் இறங்கி, பழைய நிலையத்துக்கே போய் நிற்க முடிகிறது. நம் நாட்டில் அதற்கு வழியில்லை. நிலையத்தை ஒரு முறை தள்ளி வைத்துவிட்டால், தள்ளி வைத்ததுதான்.

மாட்ரிட் நகரிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் இரண்டு பழம்பெரும் ஊர்களுக்குப் போகலாம்: டொலேடோ, செகோவியா. இரண்டுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. டொலேடோவில் பழைய பாதையை மூடிவிட்டு, 2005-இல் புதிய பாதையைப் பழைய நிலையத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இறங்கியவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் நடந்தே போய்விடலாம். செகோவியாவில் 2007-இல் திறந்த நிலையம் ஊருக்குச் சில கிலோமீட்டர் அப்பால், வெட்டவெளியில் இருக்கிறது. ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தைப் பார்க்க வந்தவர் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிரான்சிலும் இடம் தேர்வதில் பிசகியது உண்டு. அவிஞோன் ஊரில் 2001-இல் அதிவேக ரயில் நிலையத்தை மதிலுக்கு வெளியே தனியாகக் கட்டினார்கள். அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் பழைய நிலையத்துக்கு ஐந்து நிமிட ரயில் இணைப்பு கிடைத்தது 2013-இல். இடையில் நம் கணக்கில் ஒரு மகாமகம் முழுதாகக் கழிந்துவிட்டது.

பொறியாளர்கள் ஊரைத் தவிர்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 320 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் சட்டென்று திரும்பாது. வளைவின் ஆரம் பல கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். ஆனால் நிலையத்தில் நிற்கப்போகும் ரயில் எப்படியும் வேகத்தைக் குறைத்தே வருகிறது. அதற்குச் சிறிய வளைவு போதும். நிற்காத ரயிலுக்கு வெளியே நேர்பாதை, நிற்கும் ரயிலுக்கு ஊருக்குள் கிளைப்பாதை. செலவு கூடும், மறுக்கவில்லை. அகமதாபாத்திலும் வதோதராவிலும் பழைய நிலையத்தோடு சேர்த்தே புதியதைத் திட்டமிட்டிருக்கிறார்கள். சூரத்துக்கோ ஊருக்கு வெளியே அந்த்ரோலி. இரண்டு வழிகளும் நம் நாட்டிலேயே கண்முன் இருக்கின்றன.

வேகமான பாதை ஒதுங்கிப்போனால் என்ன ஆகும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவதற்குப் பெயர் மெயின் லைன். ஆனால் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்குப் பாதையான கார்டு லைன் வந்த பிறகு, தெற்கே போகும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போய்விட்டன. 2023-இல் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலும் அப்படியே.

தஞ்சாவூர் சந்திப்பின் அருமை அதன் இடத்தில் இருக்கிறது. அங்கே இறங்கிப் பெரிய கோயிலுக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ரயில் மாறலாம், கும்பகோணம் போகலாம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாறுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் குடும்பமாக வருகிறார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைகள், மூட்டை முடிச்சு. நவக்கிரகத் தலங்களைச் சுற்றுகிறவருக்கு ஒரே ஊரில் வேலை முடிவதில்லை. புறநகரில் இறக்கிவிட்டால் மிச்சப்பட்ட நேரமும் பணமும் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் போகும். புதிய நிலையம் பழைய நடைமேடையோடு ஒரே கூரையின் கீழ் இணைய வேண்டும். டவுன் பஸ் வாசலிலேயே நிற்க வேண்டும். பெட்டியை வைத்துவிட்டுப் போக விசாலமான அறை வேண்டும். முகப்பில் சிமெண்டில் கோபுரம் கட்டும் யோசனையை விட்டுவிடலாம். பெரிய கோயிலின் உண்மையான விமானத்தை மறைக்காமல் இருந்தால் போதும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும், அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் சட்டத்தில் உண்டு. உயர்த்திக் கட்டும் பாதை அதற்கு அப்பாலிருந்தும் கண்ணை மறைக்கும் என்பதால் அந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இனி தண்ணீர். மண்ணைக் கொட்டிக் கரை போட்டுப் பாதை அமைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வடியாத தண்ணீர் சம்பாப் பயிரை மூழ்கடிக்கும். தூண்கள் மேல்தான் பாதை போக வேண்டும். மும்பை பாதையிலும் பெரும்பகுதி அப்படித்தான். தூண் நடுகிற இடத்தையும் பாசன வாய்க்கால், வடிகால் வாய்க்கால் இரண்டையும் பார்த்தே குறிக்க வேண்டும். கோடையில் காய்ந்த நிலத்தைப் பார்த்து எடுத்த சர்வேயை நான் நம்பமாட்டேன். சர்வே எடுப்பவர்கள் அடைமழையில் வரட்டும், மதகு திறந்து மூடும் லஸ்கரையும் கடைமடை விவசாயியையும் உடன் அழைத்துக்கொண்டு நடக்கட்டும். 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதி இது. ஊருக்கு வெளியே நிலையம் ஒன்று வந்தால், சுற்றியுள்ள வயல்களில் முதலில் முளைப்பது மனைக்கல்லாகத்தான் இருக்கும். ஊருக்குள் நிலையம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2028-இல் மகாமகம் வருகிறது. அதிவேக ரயில் அதற்குள் வராது. ஆனால் கும்பகோணம் நிலையத்திலிருந்து குளக்கரை வரை நிழலுள்ள நடைபாதையும், நெடுநாளாகக் கேட்டுவரும் தஞ்சாவூர்–விழுப்புரம் இரட்டைப் பாதையும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிவேகப் பாதைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் என்றைக்கு நடந்தாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: சென்னையில் ஏறுகிறவர் கோயில் வாசலை அடைய மொத்தம் எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு? நிலையம் வரைக்கும் அல்ல, வாசல் வரைக்கும். அந்தக் கணக்கைத் திட்ட அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.