தைமூரின் வாளும் சமர்கந்தின் மாடங்களும்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே,

இடைக்கால ஆசியாவின் படையெடுப்பாளர்களுள் தைமூரைப் போல அழித்தவரும் அரியர். அவரைப் போலக் கட்டியவரும் அரியர். அவருடைய கொடுமையை ஓர் அத்தியாயத்திலும் கலையை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அவ்விரண்டும் ஒரே செயலின் இரு கூறுகள். நகரம் ஒன்று வீழ்ந்ததும் கைவினைஞர்களைத் தனியே பிரித்தெடுத்துத் தலைநகர் சமர்கந்துக்கு அனுப்புவது அவர் படையின் வழக்கம். பாரசீக நகரங்களிலிருந்து கொத்தர்களும் வண்ண ஓடு பதிப்பவர்களும், 1401-இல் தீக்கிரையான டமாஸ்கஸிலிருந்து நெசவாளர்களும் கண்ணாடி வினைஞர்களும், 1398-இல் சூறையாடப்பட்ட தில்லியிலிருந்து கல்தச்சர்களும் இவ்வாறே கொண்டுசெல்லப்பட்டார்கள்.

தில்லிப் படையெடுப்பு முடிந்து திரும்பிய 1399-ஆம் ஆண்டிலேயே சமர்கந்தில் ‘பீபி கானும்’ எனப்படும் பள்ளிவாசலின் வேலை தொடங்கியது. இந்தியாவிலிருந்து ஓட்டிவந்த யானைகள் அதற்குக் கல் இழுத்தன. 1404-இல் சமர்கந்துக்கு வந்த ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ, வாயில் தாழ்வாக இருக்கிறதென்று தைமூர் அதை இடித்து மீண்டும் கட்டச் செய்ததையும், நடக்க இயலாத முதுமையிலும் பல்லக்கில் வந்து பணியாளர்களை விரட்டியதையும், குழிக்குள் நின்று உழைத்தவர்களுக்கு இறைச்சியையும் காசையும் மேலிருந்து வீசியதையும் எழுதிவைத்திருக்கிறார். அந்த அவசரத்தைக் கட்டடம் தாங்கவில்லை. விரைவிலேயே செங்கல் உதிரத் தொடங்கியது. 1897-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சரிந்தது. இன்று நாம் காண்பதில் மிகுதியும் இருபதாம் நூற்றாண்டின் சீரமைப்பே.

தைமூர் அடக்கமான கூர் அமீர் அப்படியன்று. அதன் நீலக் குவிமாடம் உண்மையில் இரண்டு கூரைகள்: உள்ளே அறையின் அளவுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒன்று, வெளியே, தொலைவிலிருந்து தெரியும்படி உயர்ந்த கழுத்தின்மேல் எழும் வரிவரியான மற்றொன்று. உள்ளிருப்பவருக்கும் ஊருக்கும் தனித்தனியே பதில் சொல்லும் இந்த உத்தி பாரசீகத்தில் முன்பே அறிந்ததுதான். சமர்கந்தில் அது தன் முழு வடிவை எட்டியது. இதன் வாயிலில் முகம்மது இப்னு மஹ்மூத் என்னும் இஸ்பஹான் கொத்தர் தம் பெயரைப் பதித்திருக்கிறார். 1387-இல் அதே இஸ்பஹானில்தான் தைமூர் வெட்டுண்ட தலைகளால் கோபுரங்கள் எழுப்பினார். அந்தக் கையொப்பத்தைக் கட்டடத்தின் மிக முக்கியமான உறுப்பாகவே நான் கருதுகிறேன்.

கசகஸ்தானின் துருக்கிஸ்தான் நகரில் தைமூர் எழுப்பத் தொடங்கிய, சூஃபி ஞானி அஹமத் யசவியின் அடக்கத்தலமும் இங்கே சொல்லத் தக்கது. 1405-இல் தைமூர் இறந்ததும் வேலை நின்றது. முகப்பின் செங்கல் இன்றும் வண்ண ஓடு பதிக்கப்படாமல் நிற்கிறது. மெருகு மறைத்துவிடும் கட்டுமான முறையை அங்கே வெறுங்கண்ணாலேயே படிக்கலாம்.

கட்டாயத்தில் தொடங்கிய இக்கலை அடுத்த தலைமுறையில் புரவலர்களின் விருப்பத்தால் வளர்ந்தது. தைமூரின் மகன் ஷாருக் ஹெராத்தைத் தலைநகராக்கினார். அவர் மனைவி கவ்ஹர்ஷாத், கவாமுத்தீன் ஷிராசி என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு மஷ்ஹதில் பள்ளிவாசல் எழுப்பினார்; தைமூரின் பேரர் உலுக் பெக் சமர்கந்தில் மதரசாவும் வானாய்வுக்கூடமும் கட்டினார்.

தைமூரின் வழித்தோன்றலான பாபர் வழியாக இம்மரபு இந்தியாவுக்கு வந்தது. தில்லியில் ஹுமாயூன் கல்லறையை வடிவமைத்த மீரக் மிர்சா கியாஸ் தைமூரிய மரபில் பயின்றவர். அதன் குவிமாடமும் இரட்டைக் கூரைதான். ஆனால் வண்ண ஓட்டின் இடத்தைச் செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் பிடித்துக்கொண்டன. அது இந்நாட்டுக் கல்தச்சர்களின் தேர்ச்சி கொணர்ந்த மாற்றம். தைமூரின் பட்டத்தைத் தழுவித் தம்மை இரண்டாம் சாஹிப் கிரான் (நற்கோள் சேர்க்கையின் தலைவர்) என்று அழைத்துக்கொண்ட ஷாஜஹான் தாஜ்மஹாலை எழுப்பியபோதும், மும்தாஜின் அடக்க அறைக்கு மேல் அந்த இரட்டைக் கூரையையே கட்டச் செய்தார்.