பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு விலையா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் நம் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் நிறுவனங்கள் சில ஆண்டுகளாக ஒரு வகைச் சலுகையைக் கையில் எடுத்திருக்கின்றன. "எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று தலைப்பிட்டு, வெளியார் வாங்க முடியாத ஒரு நிலையான விலைத் திட்டத்தை முன்வைக்கிறார்கள். இது சரிதானா, இதை ஊக்குவிக்க வேண்டுமா என்று பேசவே என்னை அழைத்திருக்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும், அவர் வாய் திறந்து கேளாமலே அது கிடைக்க வேண்டும். சிலரின் காதில் மட்டும் சொல்லப்படும் விலை எனக்கு உடன்பாடில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு காலத்தில் இங்கே வட்டாரத்துக்கு ஒரு மின்சார சபை இருந்தது. இலண்டனில் குடியிருந்தவர் இலண்டன் மின்சார சபையிடம்தான் வாங்க முடியும். 1990-இல் மின்துறை தனியாருக்குப் போனது. 1999-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் எந்த வீட்டாரும் எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. போட்டி வந்தால் எல்லோருக்கும் விலை குறையும் என்றார்கள். குறைந்தது, ஒரு பகுதியினருக்கு.

நடந்தது இதுதான். புதிதாக வருகிறவருக்கு முதல் ஆண்டு மிகக் குறைந்த விலை. ஆண்டு முடிந்ததும், அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால், நிறுவனத்தின் வழமையான மாறும் கட்டணத்துக்குத் தானாகவே தள்ளப்படுவார். அந்தக் கட்டணம் கூடுதல். புதியவருக்குக் கொடுத்த தள்ளுபடியை ஈடுகட்டியது அந்தக் கூடுதல் பணம்தான். கம்பி அதே கம்பி, குழாய் அதே குழாய். பக்கத்து வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும் உங்கள் வீட்டுக்கு வருவதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் பத்து ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்தவர், நேற்று வந்து சேர்ந்தவரின் பில்லில் ஒரு பங்கைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இது என் மனத்தாங்கல் மட்டும் அல்ல. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இரண்டு ஆண்டுகள் விசாரித்து 2016 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இதைக் கணக்குப் போட்டே காட்டியது. அன்றைய ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 70 வீதமானவர்கள் அந்த வழமையான கட்டணத்தில் இருந்தார்கள். அவர்கள் வேறு திட்டத்துக்கு மாறியிருந்தால் ஆண்டுக்கு 300 பவுணுக்கு மேல் மிஞ்சியிருக்கும். நல்ல போட்டி இருந்திருந்தால் கட்டியிருக்கும் தொகையைவிட, நாட்டு மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடிப் பவுண் அதிகமாகக் கட்டினார்கள் என்றும் ஆணையம் கண்டது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு உண்டு. அதைத்தான் நான் மறப்பதில்லை. ஆண்டு வருமானம் 36,000 பவுணுக்கு மேற்பட்ட வீடுகளில் 35 வீதமானவர்கள் முந்திய மூன்று ஆண்டுகளில் நிறுவனம் மாறியிருந்தார்கள். 18,000 பவுணுக்குக் கீழ்ப்பட்ட வீடுகளில் 20 வீதமானவர்களே மாறியிருந்தார்கள். ஆக, கூடுதல் விலை போய் விழுந்தது யார் தலையில்? வாடகை வீட்டுக்காரர், முதியவர், படிப்புக் குறைந்தவர், கையில் காசு குறைந்தவர்.

"அவர்கள் சோம்பேறிகள், ஒரு தொலைபேசி அழைப்பில் மாறியிருக்கலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. 2018-இல் எரிசக்திச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் ஒரு பரிசோதனை செய்தது. நீண்ட காலம் அசையாமல் இருந்த வாடிக்கையாளர் சுமார் 50,000 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மாறினால் உங்களுக்கு இவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கோடு, அவர்களுக்காகப் பேசி முடித்த ஒரு விலையையும் குறித்துக் கடிதம் போனது. கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசி இலக்கமும் அதில் இருந்தது. 22 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் மாறினார்கள். கடிதம் போகாதவர்களில் மாறியது 2.6 வீதம்தான். ஆட்களின் குணம் ஒன்றுதான். ஒரு பக்கத்தாருக்கு விடயம் வீடு தேடி வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டம் செய்து, 2019 ஜனவரி முதலாம் திகதி அந்த வழமையான கட்டணத்துக்கு விலை உச்சவரம்பு வந்தது. அதைப் பற்றி நீங்கள் செய்திகளில் போதிய அளவு கேட்டிருப்பீர்கள். 2021-இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியபோது என்ன நடந்தது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மலிவு விலை காட்டி ஆட்களைச் சேர்த்துவிட்டு, அந்த விலைக்குத் தேவையான எரிசக்தியை முன்கூட்டியே வாங்கி வைக்காத பல நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஓராண்டுக்குள் முப்பது நிறுவனங்கள் அளவில் காணாமற்போயின. அந்தச் செலவு எல்லா வீடுகளின் பில்லிலும் ஏறியது. பல்ப் என்ற பெரிய நிறுவனத்தைச் சேர்க்காமலே 270 கோடிப் பவுண், வீடொன்றுக்கு ஏறத்தாழ 94 பவுண் என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் 2022-இல் கணக்கிட்டது. மலிவு விலையைக் கண்ணாலும் காணாதவர், அதன் இழப்பில் மட்டும் பங்கு கொடுத்தார்.

இந்த நிலையில்தான் 2022 ஏப்ரலில் ஒஃப்ஜெம் ஒரு தடை கொண்டுவந்தது. புதியவருக்கு மட்டும் என்று எந்தத் திட்டத்தையும் விற்கக்கூடாது. புதியவருக்குக் கொடுப்பதைப் பழையவருக்கும் கொடுக்க வேண்டும். அவசர நடவடிக்கையாக வந்த இந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2024-இல் இதைக் கைவிடலாமா என்று கருத்துக் கேட்டார்கள், கேட்டபின் வைத்துக்கொண்டார்கள். நான் அந்த முடிவை மனதார வரவேற்கிறேன். அதே 2022-இன் ஜனவரியில் வாகனக் காப்புறுதிக்கும் வீட்டுக் காப்புறுதிக்கும் இதே வகை விதி வந்தது. புதுப்பிக்கிறவரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கக்கூடாது என்பது இன்று அங்கே சட்டம். காப்புறுதியில் அநியாயம் என்று ஒப்புக்கொண்ட ஒன்றை, இல்லாமல் ஒரு நாளும் வாழ முடியாத மின்சாரத்தில் அனுமதிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப் பக்கத்தில் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது சரியல்ல. 2009-இல் ஒஃப்ஜெம் இதுபோன்ற ஒரு விதியைப் போட்டது: ஒரு நிறுவனம் தன் பழைய வட்டாரத்து மக்களிடம் ஒரு விலை, வெளி வட்டாரத்தில் ஆள் பிடிக்க வேறு விலை என்று நியாயமின்றி வேறுபடுத்தக்கூடாது. நாட்டின் முதலாவது மின்சார ஒழுங்குமுறை அதிகாரியாக இருந்த ஸ்டீபன் லிட்டில்சைல்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். வித்தியாசம் காட்ட முடியாது என்றால் நிறுவனங்கள் பழையவரின் விலையைக் குறைக்க மாட்டா, வெளியில் கொடுத்த தள்ளுபடியைத்தான் நிறுத்தும் என்பது அவருடைய வாதம். போட்டி ஆணையமும் அந்த விதி போட்டியைத் தளர்த்தியது என்றே கருதியது. இன்று நுகர்வோர் பக்கம் நின்று பேசுகிறவர்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள்: தடையை எடுங்கள், மலிவு விலைகள் திரும்பி வரும்.

வரும்தான். ஆண்டுதோறும் தவறாமல் நிறுவனம் மாறுகிறவர்கள் இந்தத் தடையால் நல்ல தள்ளுபடிகளை இழக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் நம்மவரும் நிறையப் பேர். ஆனால் அந்தத் தள்ளுபடிப் பணம் யார் சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதை 2016-ஆம் ஆண்டு அறிக்கை காட்டிவிட்டது. அதை அறிந்த பிறகும் அந்த மலிவு எனக்கு வேண்டும் என்று கேட்க என் மனம் ஒப்பவில்லை.

சரி, புதியவருக்கு மட்டும் என்பது கூடாது. பழையவருக்கு மட்டும் என்றால்? தடை அந்தப் பக்கத்துக்கு வழிவிடுகிறது. தன்னிடம் இருப்பவருக்கென்று தனித் திட்டம் விற்க நிறுவனங்களுக்கு இடம் உண்டு. இத்தனை காலம் கூடுதலாகக் கட்டியவருக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், நல்ல காரியம்தான். என் கவலை, அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்.

எங்கள் சமூக நிலையத்தில் பில்களும் கடிதங்களும் புரியாமல் வருகிறவர்களுக்கு உதவியாக நான் உட்காருவதுண்டு. ஒரு ஐயா பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். ஒன்றையும் எறியவில்லை, திகதி வரிசையில் அடுக்கியிருந்தார். அவருடைய நிறுவனம் பழைய வாடிக்கையாளருக்கு அப்போது ஒரு நல்ல நிலையான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கணக்கைத் திறந்துகொடுத்த மகன் தன் மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருந்தார். பிறகு வேலைக்காக வேறு நகரம் போய்விட்டார். சலுகை அந்த மகனின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. நாங்கள் தொலைபேசியில் கேட்டபோதும், கணக்கை முடித்துக்கொண்டு வேறு இடம் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் அந்த விலை வெளியே வந்தது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வீட்டில் தாய்க்கு நான்கு பிள்ளைகள் இருந்தால், அழாத பிள்ளைக்கும் பசிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அழுகிறவருக்கு மட்டும் கொடுப்பதென்றால், புதியவர்–பழையவர் என்று இருந்த பிரிவினை பழையவர்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள், முற்கொடுப்பனவு மீட்டர் வைத்திருப்பவர்கள். இந்த நாட்டில் மூலைக்கடை நடத்தும் நம்மவர்களுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். மாலையில் கடைக்கு வந்து, மின்சாரத்துக்கான சிறிய பிளாஸ்டிக் சாவியையும் எரிவாயு அட்டையையும் மேசையில் வைத்து, இதற்குப் பத்து, அதற்கு ஐந்து என்று காசை எண்ணிக் கொடுப்பார்கள். கடைக்காரர் சாவியை இயந்திரத்தில் செருகி ஏற்றிக் கொடுப்பார். வீட்டுக்குப் போய் மீட்டரில் செருகியதும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஏறும் நிலைக்கட்டணம் சேர்ந்திருந்தால் அது முதலில் கழியும்; பழைய கடன் இருந்தால் அதிலும் ஒரு பகுதி கழியும். மிஞ்சுவதில்தான் விளக்கு எரிய வேண்டும். 2024 ஏப்ரலில் நிலைக்கட்டணத்தை வங்கியிலிருந்து நேரே கட்டுகிறவர்களோடு சமன் செய்து, விலை உச்சவரம்பில் இவர்களுக்கு இருந்த பாதகத்தை நீக்கினார்கள். நல்லது. ஆனால் பழைய வாடிக்கையாளருக்கான நிலையான விலைத் திட்டங்கள் பெரும்பாலும் மாதந்தோறும் வங்கியிலிருந்து நேரே கட்டுகிறவர்களுக்கானவை. அதே நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்தாலும், சாவி வைத்திருப்பவர் அந்த "பழைய வாடிக்கையாளர்" கணக்கில் வருவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய விடயமல்ல. ஒரு நிறுவனம் பழையவருக்கென்று ஒரு விலை வைத்தால், அதைத் தன் எல்லாப் பழைய வாடிக்கையாளருக்கும் திறக்கட்டும். முற்கொடுப்பனவு மீட்டருக்கும் அதற்கு இணையான ஒன்றைக் கொடுக்கட்டும். இதைவிட மலிவான திட்டம் எங்களிடம் உண்டா இல்லையா என்று சொல்லும் பகுதி பில்லில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில் இந்த விலையும் அச்சாகி, தபாலில் பில் பெறுகிறவருக்குத் தபாலிலேயே வரட்டும். கணக்கை முடிக்கப் போகிறேன் என்று மிரட்டினால் மட்டும் வெளியே எடுக்கும் விலையை ஒஃப்ஜெம் அனுமதிக்கக்கூடாது. 2018-இன் கடிதங்கள் என்ன செய்தன என்று அவர்களுக்கே தெரியும். அது அவர்களுடைய சொந்தப் பரிசோதனை.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் உங்கள் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். இரண்டு கேள்விகள் போதும். என் மீட்டருக்கு இன்று உங்களிடம் உள்ள மிக மலிவான திட்டம் எது? வெளியில் பட்டியலிடாத, பழைய வாடிக்கையாளருக்கு மட்டுமான திட்டம் ஏதும் உண்டா? சொல்லும் விலையை எழுதி வைத்துக்கொண்டு வெளிச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஏற்கெனவே நிலையான திட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது முடிவதற்கு முந்திய கடைசி 49 நாட்களில் விலகல் கட்டணம் வாங்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. மாறுவதற்குச் சரியான நேரம் அதுதான். பெற்றோரின் கணக்கில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருந்தால், அழைக்கும்போது அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

வணக்கம்.