தேங்காய் ரொபியும் பிள்ளையின் பொறுமையும்

பெற்றோரே, ஆசிரியர்களே, வணக்கம். சுயகட்டுப்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரிந்த தேங்காய் ரொபியிலேயே தொடங்குகிறேன்.

ஒரு நடுத்தரத் தேங்காய், அரைக் கிலோ சீனி, அரைக் கோப்பை பால். துருவும்போது சிரட்டை ஓரத்துக் கறுப்பு விழக்கூடாது. விழுந்தால் நிறம் மங்கும். முதலில் சீனியும் பாலும் மட்டும், மெல்லிய நெருப்பில். சீனி முழுக்கக் கரைந்த பிறகுதான் கொதிக்க விடலாம். அவசரப்பட்டால் தாச்சி ஓரத்தில் ஒட்டிய சீனி பின்னர் பாகில் விழுந்து எல்லாவற்றையும் நறநறக்கச் செய்துவிடும். பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிண்டத் தொடங்கினால் அகப்பையைக் கீழே வைக்க முடியாது.

இங்கேதான் ஆட்கள் தோற்கிறார்கள். வெகுநேரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கண் கைபேசிக்குப் போகும். பதம் வருவதோ சுமார் 115 பாகை செல்சியஸில். வெப்பமானி வேண்டாம், ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் விரலுக்குள் மெத்தென்று உருள வேண்டும். முந்தி இறக்கினால் உறையாது. திரும்ப அடுப்பில் ஏற்றிச் சமாளிக்கலாம். பிந்தினால் உதிர்ந்துபோகும். அதனால் தட்டில் பட்டர் பூசுவதும் ஏலக்காய் இடிப்பதும் அடுப்பு மூட்டுமுன் முடிந்திருக்க வேண்டும். தட்டுத் தேடி ஓடினால் ரொபி தாச்சியிலேயே இறுகும். கொட்டி, அரை அங்குலத் தடிப்பில் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட வேண்டும். ஆறிய பின் வெட்டினால் நொறுங்கும்.

பிள்ளையின் பொறுமையும் முன்கூட்டிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறுபிள்ளைகளிடம், இப்போதே எடுத்தால் சின்னப் பரிசு, காத்திருந்தால் விருப்பமான பெரிய பரிசு என்று சொல்லிப் பார்த்தார். 1970இல் வெளியான முடிவைக் கவனியுங்கள்: இரண்டு தின்பண்டமும் கண்முன் இருந்தபோது சராசரியாக 1 நிமிடம்தான் பொறுத்தார்கள், இரண்டையும் மறைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்வதைவிடப் ரொபிப் போத்தலை மேல்தட்டில் வைப்பது வேலை செய்கிறது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 2013இல் ரொசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பெரியவர் முதலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றியதைக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். வராத ரொபிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? கையில் இருப்பதைத் தின்றுவிடுவது அந்தப் பிள்ளையின் புத்தி. அதைப் பிடிவாதம் என்று நாம் பெயர் வைக்கிறோம்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ரொபி நன்றாக ஆறிய பின் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடுங்கள். மாரியில் காற்றின் ஈரத்தைச் சீனி இழுத்துப் பிசுபிசுக்கும். போத்தல் பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். தொடக்கத்தில் தவணை சின்னதாக வையுங்கள், "சோறு தின்ற பிறகு" என்பது போல. அது பழகிய பின் "நாளைக்கு" என்று சொல்லலாம். சொன்ன நேரத்தில், பிள்ளை கேட்குமுன்னே, நீங்களே எடுத்துக் கொடுங்கள். இடையில் குழப்படி செய்தால் அதற்கு வேறு தண்டனை கொடுங்கள், ரொபியைப் பறிக்காதீர்கள்.