தர்பூசணிக் கடைமேல் ஒரு குழந்தை முகம்

(வேலூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

2009 ஏப்ரலில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். திரும்பிய பக்கமெல்லாம் இலங்கையின் வன்னியில் நடந்த போரின் படங்கள். ஒரு பேனரில் தலைக்குக் கட்டுப் போட்ட குழந்தை. கட்டையும் மீறிக் கசிந்த ரத்தம். அதற்குப் பக்கத்திலேயே வேட்பாளர் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்த மாதம் பல கட்சிகளின் மேடைகளில் அப்படிப்பட்ட குழந்தைகள்தான் இருந்தார்கள்.

மே 13 நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. 16ஆம் தேதி எண்ணிக்கை. இரண்டு நாள் கழித்து, கத்திரி வெயிலில், காட்பாடி சாலையோரம் தர்பூசணி வாங்க நின்றேன். கடைக்காரர் நிழலுக்குக் கட்டியிருந்தது அதே பேனரை. வேட்பாளரின் முகம் மடிப்புக்குள் போயிருந்தது. குழந்தையின் முகம் மட்டும் தலைகீழாகத் தொங்கியது. கடைக்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை. கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டார். கிடக்க விட்டுப் போனவர்கள்மேல்தான் என் கோபம். முள்ளிவாய்க்கால் மணலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாட்களில் இங்கே வெற்றிப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது!

தலைவர்கள் என்ன செய்தார்கள்? ஏப்ரல் 27 அன்று கலைஞர் மெரினாவில் உண்ணாவிரதம் அமர்ந்தார். இலங்கை அரசு போரை நிறுத்திவிட்டது என்று சொல்லிச் சில மணி நேரத்தில் எழுந்தார். குண்டு வீச்சு நிற்கவில்லை. மத்திய ஆட்சியில் அவருடைய கட்சி பங்கு வகித்த காலம் அது. போரென்றால் பொதுமக்கள் சாவதைத் தவிர்க்க முடியாது என்று ஜனவரியில் பேசிய ஜெயலலிதா, பிரசாரம் சூடு பிடித்ததும் தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்றார். இருவருக்கும் உள்ளூர வலி இருந்திருக்கலாம். நான் மனத்துக்குள் புகுந்து பார்க்கவில்லை. நாட்காட்டியைத்தான் பார்க்கிறேன்.

இலங்கையின் துயரம் வேலூருக்குப் புதிதல்ல. கண்டியின் கடைசி மன்னன் விக்கிரமராஜசிங்கனை வெள்ளைக்காரன் சிறைப்பிடித்து நம் கோட்டையில்தான் வைத்தான். 1832இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவன் கல்லறை இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு நடை போய் வாருங்கள்.

அப்படியே மேல்மொணவூருக்கும் போங்கள். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் வந்து முகாம்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. தேர்தல் காலத்தில் பிரசார ஜீப் முகாம் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அடுத்த தெருவில் நின்று ஈழத்துக்காகக் கண்ணீர் விடுவார்கள். அந்த ஒலிபெருக்கி முகாமுக்குள்ளும் கேட்கும்.

2019 டிசம்பரில், அண்டை நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தரும் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் அதில் இருந்தது. இலங்கை இல்லை. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்களும் உண்டு. ஈழத்தின் பெயரால் ஓட்டு வாங்கிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்!

ஆகவே, நண்பர்களே, இன்று காசா, நாளை இன்னொரு நாடு என்று யார் படம் தூக்கி வந்தாலும், வாக்குக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். மேல்மொணவூருக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், அவர்களுடைய குடியுரிமைக்காக நாடாளுமன்றத்தில் எந்தத் தேதியில் எழுந்து பேசினீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லட்டும். பிறகு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

அந்த முகாமில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். இங்கே பிறந்தவள், இங்கே பட்டம் படித்தவள். வேலை விண்ணப்பத்தில் 'நாடு' என்ற கட்டத்தை நிரப்பாமல் என்னிடம் நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதட்டும்?" என்றாள். பேனா என் கையில் இருந்தது. நான் எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன்.